ஆக்சிஜனா, ஃபுளூரினா?

லாந்தனம் ஆக்சிஃபுளூரைடு பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதினேன். அதற்கு ஒரு கட்டுக் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. எல்லாமே நல்ல கேள்விகள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

*

கேள்வி: ஆக்சைடு தெரியும், ஃபுளூரைடு தெரியும். ஆக்சிஃபுளூரைடு என்றால் இரண்டையும் கலந்து வைத்த பொடியா? (கல்லூரி மாணவர், விருதுநகர்)

பதில்: இல்லை தம்பி, அது தனிச் சேர்மம். ஒரே படிகத்துக்குள் ஆக்சிஜனும் ஃபுளூரினும் உலோகத்தோடு பிணைந்திருக்கும். லாந்தனத்தின் மின்சுமை +3. ஆக்சிஜன் −2, ஃபுளூரின் −1. ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் கணக்கு நேராகிவிடும். நயோபியம் +5 என்பதால் அதற்கு இரண்டு ஆக்சிஜன், ஒரு ஃபுளூரின் தேவை. டைட்டானியம் +4, அதற்கு ஒரு ஆக்சிஜன், இரண்டு ஃபுளூரின். வெறும் கலவையை எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவியில்) வைத்தால் ஆக்சைடின் கோடுகள் தனியாகவும் ஃபுளூரைடின் கோடுகள் தனியாகவும் வரும். சேர்மம் உருவாகிவிட்டால் இரண்டும் மறைந்து மூன்றாவதாக ஒரு புதிய வரிசை வரும்.

*

கேள்வி: இரண்டு வேறு தனிமங்கள் ஒரே படிகத்தில் எப்படி ஒத்துப்போகின்றன? (பிளஸ் டூ மாணவி, தென்காசி)

பதில்: அளவுதான் காரணம். நான்கு அயனிகள் சூழ்ந்த இடத்தில் ஆக்சைடு அயனியின் ஆரம் 1.38 ஆங்ஸ்ட்ராம், ஃபுளூரைடு அயனியின் ஆரம் 1.31. வித்தியாசம் ஐந்தே சதவீதம். குளோரைடு அயனி 1.8-ஐத் தாண்டும். அதனால் ஆக்சிகுளோரைடுகளில் குளோரின் தனக்கென்று அகலமான அடுக்கு கேட்கும். ஃபுளூரின் அப்படி எதையும் கேட்பதில்லை, ஆக்சிஜன் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சேர்மங்களின் அழகும் இதுதான், இவற்றை ஆராய்கிறவர்களின் தலைவலியும் இதுதான்.

*

கேள்வி: லாந்தனம் ஆக்சிஃபுளூரைடின் அமைப்பைப் படம் இல்லாமல் விளக்க முடியுமா? (வேதியியல் ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: முயல்கிறேன். உங்கள் வகுப்பில் கால்சியம் ஃபுளூரைடு, அதாவது ஃபுளூரைட் கனிமத்தின் கனசதுரத்தைக் கரும்பலகையில் வரைந்திருப்பீர்கள். கால்சியம் இருந்த இடத்திலெல்லாம் லாந்தனத்தை வையுங்கள். ஃபுளூரின் இருந்த இடங்களில் பாதியை ஆக்சிஜனுக்குக் கொடுங்கள். எந்தப் பாதி? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கனசதுரத்தின் மூலைவிட்டம் வழியாக நடந்தால் முதலில் ஒரு லாந்தனம் அடுக்கு, பிறகு இரண்டு ஆக்சிஜன் அடுக்கு, மறுபடி லாந்தனம், அடுத்து இரண்டு ஃபுளூரின் அடுக்கு, இப்படியே மாறி மாறி வருவது ஒரு வகை. கனசதுரம் அந்தத் திசையில் லேசாக இழுபட்டு ராம்போஹீட்ரல் வடிவம் பெறும். அறுகோண அச்சில் சொன்னால் அடிப்பக்கம் 4.05 ஆங்ஸ்ட்ராம், உயரம் 20.21. அந்த உயரத்துக்குள் ஆறு லாந்தனம் அடுக்குகள். ஆக்சிஜனும் ஃபுளூரினும் துல்லியமாகச் சரிபாதி இருக்கும்போது அறை வெப்பநிலையில் கிடைப்பது இந்த வடிவம்.

மூலைவிட்டத்துக்குப் பதிலாகக் கனசதுரத்தின் விளிம்பு வழியாக லாந்தனம், ஆக்சிஜன், லாந்தனம், ஃபுளூரின் என்று அடுக்கினால் டெட்ராகோணல் வடிவம். ஃபுளூரின் கொஞ்சம் கூடிப்போனால் படிகம் இந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டு வடிவங்களிலும் லாந்தனத்தின் ஒரு பக்கம் நான்கு ஆக்சிஜன், மறுபக்கம் நான்கு ஃபுளூரின்.

சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் ராம்போஹீட்ரல் வடிவத்தில் இந்த அடுக்கு ஒழுங்கு கலைந்து, இரண்டு அயனிகளும் எல்லா இடங்களிலும் கலந்து உட்கார, படிகம் மீண்டும் கனசதுரமாகிறது. ஆறவிட்டால் பழைய ஒழுங்கு திரும்புகிறது. திண்மப் பொருளுக்குள் அயனிகள் அந்த அளவுக்கு இடம் மாறுகின்றன என்பதை மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள்.

*

கேள்வி: இதை முதலில் கண்டறிந்தது யார்? (வாசகர், கோவை)

பதில்: 1941-ல் க்ளெம், க்ளைன் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் இந்தச் சேர்மத்தைப் பற்றி எழுதினார்கள். இரண்டு வடிவங்களையும் பிரித்து அணு அமைப்பைச் சொன்னவர் சக்கரியாசன். நார்வேயில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்காக, கண்ணுக்குத் தெரியாத அளவு புளூட்டோனியம் சேர்மங்களை எக்ஸ் கதிர் கொண்டு அடையாளம் காட்டியவர். அவர் எழுதிய ஒரு கட்டுரை வரிசையில் பதினான்காவது, 1951-ல் வந்தது, ஆக்சிஃபுளூரைடுகளைப் பற்றியது. கையில் கணிப்பொறி இல்லாத காலத்தில் பொடிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் சொன்ன அளவுகள்தான் மேலே நான் கொடுத்தவை.

*

கேள்வி: ஆக்சிஜனும் ஃபுளூரினும் ஒரே அளவு என்கிறீர்கள். அப்படியானால் எது எங்கே இருக்கிறது என்று எக்ஸ் கதிர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? (ஆய்வு மாணவி, திருச்சி)

பதில்: கண்டுபிடிக்காது. இதைத் துணிந்து கேட்டதற்கு உங்களுக்கு ஒரு சபாஷ்.

எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவை எலெக்ட்ரான்கள். ஆக்சைடு அயனிக்குப் பத்து எலெக்ட்ரான், ஃபுளூரைடு அயனிக்கும் பத்து. கதிரின் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. சரி, நியூட்ரானிடம் போவோம் என்றால் அங்கேயும் கை விரிப்புதான். ஆக்சிஜன் அணுக்கருவின் சிதறல் நீளம் 5.80 ஃபெம்டோமீட்டர், ஃபுளூரினுடையது 5.65. பல தனிமங்களைப் பளிச்சென்று பிரித்துக்காட்டும் நியூட்ரான், நமக்கு வேண்டிய இந்த ஜோடியிடம் வந்து தடுமாறுகிறது.

ஆகவே வேறு வழி. அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கதிர் சொல்லிவிடும், அவற்றின் பெயரைத்தான் சொல்லாது. தூரத்தை வைத்துப் பெயரை நாம் கண்டுபிடிக்க வேண்டும். ராம்போஹீட்ரல் படிகத்தில் லாந்தனத்திலிருந்து ஒரு வகை அணு சுமார் 2.42 ஆங்ஸ்ட்ராமில் இருக்கிறது, இன்னொரு வகை சுமார் 2.60-ல். ஒவ்வொரு பிணைப்பின் நீளத்துக்கும் ஒரு வலிமை உண்டு. ஓர் அணுவைச் சுற்றியுள்ள பிணைப்புகளின் வலிமையைக் கூட்டினால் அதன் மின்சுமை வரவேண்டும். 2.42-ல் இருப்பது ஆக்சிஜன் என்று வைத்துப் பாருங்கள். ஒரு பிணைப்புக்கு 0.51, நான்குக்கும் சேர்த்து 2.05. ஆக்சிஜனுக்கு வேண்டியது 2. பொருந்துகிறது. 2.60-ல் இருப்பது ஃபுளூரின் என்றால் மொத்தம் 0.92. வேண்டியது 1. இதுவும் பொருந்துகிறது. இப்போது இடத்தை மாற்றிப் போடுங்கள். ஃபுளூரினுக்கு 1.5 வருகிறது, ஆக்சிஜனுக்கு 1.26. இரண்டுமே உதவாது. தீர்ப்பு ஆயிற்று.

கோடிக்கணக்கில் செலவழித்து நிறுவிய கருவி விட்ட இடத்தை ஒரு கால்குலேட்டர் பிடிக்கிறது. இன்னொரு துணை, ஃபுளூரின் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு). இயற்கையில் உள்ள ஃபுளூரின் முழுவதும் ஒரே ஐசோடோப்பு, நிறை எண் 19. ஆகவே சமிக்ஞை தெளிவாக வரும்.

*

கேள்வி: எல்லா ஆக்சிஃபுளூரைடுகளிலும் இப்படி ஒழுங்காக அடுக்கி இருக்குமா? (அதே மாணவி)

பதில்: இருக்காது. நயோபியம் ஆக்சிஃபுளூரைடை 1956-ல் ஃப்ரெவல், ரின் இருவரும் ஆராய்ந்தார்கள். எண்முகிகள் மூலைக்கு மூலை கோத்த எளிய கனசதுரம், பக்கம் 3.90 ஆங்ஸ்ட்ராம். அங்கே ஆக்சிஜனும் ஃபுளூரினும் சராசரியாகப் பார்த்தால் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தே கிடக்கின்றன.

*

கேள்வி: தயாரிக்கும் முறையைச் சொல்லுங்கள், முழுமையாக. (ஆய்வு மாணவர், காரைக்குடி)

பதில்: காகிதத்தில் மிக எளிது. ஒரு மோல் லாந்தனம் ஆக்சைடும் ஒரு மோல் லாந்தனம் ஃபுளூரைடும் சேர்ந்தால் மூன்று மோல் ஆக்சிஃபுளூரைடு. கழிவு எதுவும் இல்லை. பத்து கிராம் வேண்டுமென்றால் ஆக்சைடு 6.245 கிராம், ஃபுளூரைடு 3.755 கிராம். அகேட் கல்வத்தில் நன்றாக அரைத்து, வில்லையாக அழுத்தி, ஈரமில்லாத ஆர்கானில் அல்லது மூடிய பிளாட்டினம் குழாயில் 900 முதல் 1000 டிகிரி வரை சூடாக்க வேண்டும். ஆறியபின் மறுபடி அரைத்து மறுபடி ஒரு சுற்று.

சொதப்பல் பெரும்பாலும் உலையில் நடப்பதில்லை, தராசில் நடக்கிறது. லாந்தனம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். திறந்து மூடிய பழைய பாட்டிலில் இருக்கும் வெள்ளைப் பொடியில் கணிசமான பகுதி ஹைட்ராக்சைடாக மாறியிருக்கும். லேபிளில் ஆக்சைடு என்றுதான் இருக்கும். பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. ஈர அரிசியை எடைபோட்டு வாங்கியது போலத்தான்.

நஷ்டம் எவ்வளவு? முழுவதும் ஹைட்ராக்சைடாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு பாருங்கள். நீங்கள் நிறுத்த 6.245 கிராமில் உண்மையான ஆக்சைடு 5.356 கிராம்தான். மீதி 0.889 கிராம் தண்ணீர். லாந்தனத்துக்கும் ஃபுளூரினுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்றிருக்க வேண்டிய விகிதம் ஒன்றுக்கு 1.10 ஆகிவிடும். தவிர, அந்தத் தண்ணீரோடு குழாயை மூடி உலையில் வைத்தால் நீராவி அழுத்தத்தில் குழாய் வெடிக்கும். எனவே ஆக்சைடை முதலில் 900 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் சுட்டு, டெசிகேட்டரில் ஆறவைத்து, உடனே நிறுக்க வேண்டும். நாளைக்கு நிறுக்கலாம் என்று விட்டால் இன்று சுட்டது வீண்.

*

கேள்வி: என் மாதிரியின் எக்ஸ்.ஆர்.டி. படத்தில் 26.6 டிகிரி அருகே ஒரே ஒரு பெரிய கோடு வருகிறது. கட்டுரைகளில் அங்கே இரண்டு கோடுகள் காட்டுகிறார்கள். கருவி பழுதா? (ஆய்வு மாணவர், சேலம்)

பதில்: கருவியைக் குற்றம் சொல்லாதீர்கள், அது உண்மையைத்தான் சொல்கிறது. செம்புக் கதிரில் ராம்போஹீட்ரல் வடிவம் 26.4, 26.9 டிகிரிகளில் ஜோடிக் கோடுகள் தரும். டெட்ராகோணல் வடிவம் 26.6-ல் ஒற்றைக் கோடு தரும். உங்களிடம் வந்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது. ஃபுளூரின் கூடிவிட்டது என்று அர்த்தம். மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு, நீங்கள் எடுத்த ஆக்சைடு பாட்டில் எத்தனை மாதம் முன்பு திறந்தது என்று பாருங்கள்.

*

கேள்வி: லாந்தனம் ஃபுளூரைடு கைவசம் இல்லை. அம்மோனியம் ஃபுளூரைடு போதுமா? (ஆய்வு மாணவி, கும்பகோணம்)

பதில்: போதும். ஒரு மோல் ஆக்சைடுக்கு இரண்டு மோல் அம்மோனியம் ஃபுளூரைடு. அம்மோனியாவும் நீராவியும் வெளியேறும், ஆக்சிஃபுளூரைடு மிஞ்சும். ஆனால் அம்மோனியம் ஃபுளூரைடு குறைந்த வெப்பத்திலேயே சிதைந்து, வினை முடியுமுன் ஒரு பகுதி ஆவியாகப் போய்விடும். அதனால்தான் செய்முறைகளில் கணக்குக்கு மேல் கொஞ்சம் சேர்க்கச் சொல்கிறார்கள். எவ்வளவு மேல் என்பது உங்கள் மூசையின் மூடியையும் உலை சூடேறும் வேகத்தையும் பொறுத்தது. அடுத்தவர் கட்டுரையிலுள்ள எண் உங்கள் உலைக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

*

கேள்வி: பிளாட்டினம் விலை கட்டுப்படியாகாது. சிலிக்கா குழாயில் மூடிச் செய்தால் என்ன? (அதே மாணவி)

பதில்: துளி ஈரம் இருந்தாலும் மோசம் போய்விடுவீர்கள். ஈரம் ஃபுளூரைடைத் தாக்கி ஹைட்ரஜன் ஃபுளூரைடு உண்டாக்கும். அது சிலிக்காவைத் தின்று சிலிக்கான் டெட்ராஃபுளூரைடும் தண்ணீரும் தரும். அந்தத் தண்ணீர் மறுபடி ஃபுளூரைடைத் தாக்கும். ஒரு துளி ஈரம் செலவாகாமலேயே சுற்றிச்சுற்றி வேலை செய்யும். நிக்கல் தகட்டில் பொதிந்து, நன்கு உலர்த்தி, ஆர்கான் ஓட்டத்தில் வைத்துச் செய்யுங்கள். செலவும் குறையும், குழாயும் பிழைக்கும்.

*

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்வது ஆபத்தா? (பெற்றோர் ஒருவர், மதுரை)

பதில்: முடிந்த பொருள் தண்ணீரில் கரையாத வெள்ளைப் பொடி, அதனால் பெரிய பயம் இல்லை. செய்யும்போது வெளிவரும் ஹைட்ரஜன் ஃபுளூரைடுதான் பயப்பட வேண்டியது. நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது. வலி பல மணி நேரம் கழித்து வரும், அதற்குள் ஃபுளூரைடு உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபியூம் ஹுட், தகுந்த கையுறை, முகக்கவசம், கை எட்டும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல், இந்த நான்கும் இல்லாத ஆய்வகத்தில் உங்கள் பிள்ளை இந்த வேலையைச் செய்யக்கூடாது. பேராசிரியரே சொன்னாலும் கூடாது.

*

கேள்வி: ஆக்சிஃபுளூரைடு தானாக உருவாவதுண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: உண்டு, துயரமாகவும். 1986 ஜனவரி 4, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் கோர் என்ற ஊருக்கு அருகே ஓர் ஆலை. யுரேனியம் ஹெக்ஸாஃபுளூரைடு அளவுக்கு மேல் நிரம்பிவிட்ட உருளையைச் சூடாக்கியபோது அது பிளந்தது. வெளியே பாய்ந்த வாயு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து யுரேனைல் ஃபுளூரைடாகவும் ஹைட்ரஜன் ஃபுளூரைடாகவும் மாறி வெண்மேகமாகப் பரவியது. யுரேனைல் ஃபுளூரைடு என்பது யுரேனியத்தின் ஆக்சிஃபுளூரைடு. ஒரு தொழிலாளி இறந்தார். அவரைக் கொன்றது கதிரியக்கம் அல்ல, ஹைட்ரஜன் ஃபுளூரைடு.

*

கேள்வி: இதனால் சாமானியனுக்கு என்ன பயன்? (வாசகர், ஈரோடு)

பதில்: கண்ணாடியையும் லென்ஸையும் மெருகேற்றும் சீரியம் பொடிகள் பலவற்றில் லாந்தனம் ஆக்சிஃபுளூரைடு ஒரு பகுதியாக இருக்கிறது. இதில் துளி யூரோப்பியம் சேர்த்தால் சிவப்பாக ஒளிரும். எர்பியமும் இட்டெர்பியமும் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் தரும். இதன் உறவான இட்ரியம் ஆக்சிஃபுளூரைடு, சிப் தயாரிக்கும் இயந்திரங்களின் உட்சுவருக்குப் பூச்சாகிறது. அங்கே ஃபுளூரின் பிளாஸ்மா சுவரையே அரிக்கும். ஏற்கெனவே ஃபுளூரின் ஏறிய சுவர் அதைத் தாங்குகிறது.

*

கேள்வி: எங்கள் ஊர் மணலில் லாந்தனம் உண்டாமே? (வாசகர், மணவாளக்குறிச்சி)

பதில்: உண்டு. உங்கள் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியத்தோடு சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் மோனசைட் ஒரு பாஸ்பேட். ஆக்சிஃபுளூரைடுக்கு நெருங்கிய கனிமம் வேறொன்று, பாஸ்ட்னசைட். கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸிலும் சீனாவின் பயான் ஓபோவிலும் வெட்டி எடுக்கிறார்கள். அதில் கார்பனேட்டும் ஃபுளூரினும் சேர்ந்தே இருப்பதால், வறுத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ஆக்சிஃபுளூரைடு உண்டாகிறது.

*

கேள்வி: தண்ணீரில் ஃபுளூரைடு அளக்கும் கருவியில் லாந்தனம் இருப்பதாகப் படித்தேன். உண்மையா? (ஆசிரியை, தர்மபுரி)

பதில்: உண்மை. 1966-ல் ஃப்ராண்ட், ராஸ் இருவரும் அறிமுகப்படுத்திய மின்முனை. யூரோப்பியம் கலந்த லாந்தனம் ஃபுளூரைடு ஒற்றைப் படிகம் அதன் முனையில் இருக்கும். உங்கள் மாவட்டத்துக் கிணற்றுநீரை அளக்க ஏற்ற கருவி. ஒரே எச்சரிக்கை: ஹைட்ராக்சைடு அயனியும் ஃபுளூரைடு அயனியும் மின்சுமையிலும் அளவிலும் ஒத்திருப்பதால், காரத்தன்மை கூடிய நீரில் மின்முனை ஏமாந்து அதிகமாகக் காட்டும். அதனால்தான் அளக்குமுன் ஒரு தாங்கல் கரைசலைச் சேர்த்து பி.ஹெச்.ஐ 5 முதல் 5.5-க்குக் கொண்டுவருகிறார்கள். பள்ளிச் சோதனைகளில் இந்தப் படியைத் தாண்டிவிட வேண்டாம்.

*

கேள்வி: எக்ஸ்.ஆர்.டி. பொருந்திவிட்டது. ஆக்சிஃபுளூரைடு செய்துவிட்டேன் என்று கட்டுரை அனுப்பலாமா? (ஆய்வு மாணவர், சிதம்பரம்)

பதில்: கூடாது. கோடுகள் பொருந்துவது அடுக்கைச் சொல்கிறது. எவ்வளவு ஃபுளூரின் இருக்கிறது, அதன் இடத்தில் ஹைட்ராக்சைடு ஒளிந்திருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. நீரில் தயாரித்த டைட்டானியம், நயோபியம் ஆக்சிஃபுளூரைடுகளில் இந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. அகச்சிவப்பு நிறமாலை எடுத்து ஹைட்ராக்சைடு இல்லை என்று காட்டுங்கள்.

பிறகு ஒரு கிராம் மாதிரியை எடுத்து நீராவி கலந்த காற்றில் 1000 டிகிரிக்கு மேல், எடை மாறாமல் நிற்கும்வரை சூடாக்குங்கள். ஃபுளூரின் எல்லாம் ஹைட்ரஜன் ஃபுளூரைடாக வெளியேறி லாந்தனம் ஆக்சைடு மிஞ்சும். சரியான ஆக்சிஃபுளூரைடு என்றால் 63 மில்லிகிராம் குறையும். மேலே நாம் கணக்கிட்ட, ஃபுளூரின் கூடிய மாதிரி என்றால் ஏறக்குறைய 69 குறையும். ஆறு மில்லிகிராமை உங்கள் ஆய்வகத் தராசு தாராளமாகக் காட்டும். வெளியேறும் வாயுவைக் காரத்தில் பிடித்து, தர்மபுரி ஆசிரியைக்குச் சொன்ன அதே மின்முனையால் அளந்தால் இரண்டாவது சாட்சியும் கிடைத்துவிடும். மிஞ்சிய ஆக்சைடைச் சூடு ஆறியதும் உடனே நிறுத்துவிடுங்கள். இந்த எண்களையும் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.